விசாரணை நானாவும் மெசினின் வாலும்

முரசுமோட்டையிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும், விசாரணை நானாவிடம் பொய் சொல்லித் தப்பின உழவு மெசின்காரன் ஒருத்தனும் இல்லை. பொலிசுக்குப் பொய் சொல்லலாம். கமக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று மைக்கிலேயே சொல்லலாம். கட்டின பெண்சாதிக்கு, அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் நானா தன்னுடைய முக்காலியை மெசினுக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்துவிட்டார் என்றால், வாய் தானாகத் திறந்து உண்மையைக் கொட்டிவிடும். பிறகு அள்ளவும் முடியாது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தண்ணீரூற்று என்கிற ஊர் ஆள். சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளம் பக்கம் போய், இருபது வருசம் அங்கே மெசின் திருத்திவிட்டு, திரும்பி வந்து பழைய வளவிலேயே தகரக் கொட்டில் போட்டவர். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. என்றாலும் ஊரோடு ஒத்து நானும் அண்ணன் முறை வைத்து நானா என்பேன். அவர் என்னை அக்கா என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கி வைத்திருந்தோம். அதனால் மரியாதைக்குக் குறைவில்லை.

அவருடைய வேலை பழைய உழவு மெசின்கள். அதிலும் பி.ரி.ஓ. என்றால் உயிர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய உழவு மெசினின் பின்பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பல்லு வெட்டின இரும்புத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பி.ரி.ஓ. நான் அதை மெசினின் வால் என்பேன். மாட்டின் வால் ஈயைத்தான் விரட்டும். இந்த வால் வயலையே பிரட்டிப் போடும். எஞ்சினின் பலம் அதன் வழியாகத்தான் வெளியே வரும். ரொட்டவேற்றரைக் கொளுவினால் சேறடிக்கும். சூடடிக்கிற மெசினைக் கொளுவினால் கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கும். வால் சுத்தாவிட்டால் அவ்வளவு பெரிய மெசினும் உட்கார மட்டும் உதவுகிற, டீசல் குடிக்கிற ஒரு கதிரைதான்.

மற்ற மெக்கானிக்மார் வந்தவுடன் ஸ்பனரை எடுப்பார்கள். நானா முக்காலியை எடுப்பார். மோட்டார் சைக்கிளின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டுதான் வருவார். இருந்து, ஒரு பிளேன்ரீ குடித்து, மூன்று கேள்வி கேட்பார். “சுத்துதா? தூக்குதா? எப்ப தொடக்கம்?” பழைய மெசினில் கலப்பையைத் தூக்குகிற கைகளுக்கும் இந்த வாலுக்கும் உள்ளே ஒரே தண்டுதான். கைகள் தூக்கி, வால் மட்டும் சுத்தாவிட்டால் நோய் பின்பக்கத்தில். இரண்டும் செத்துக் கிடந்தால் நோய் வயிற்றுக்குள். இந்த இரண்டு கேள்விக்கும் எல்லாரும் உண்மைதான் சொல்வார்கள். மூன்றாவதில்தான் வழுக்குவார்கள். ஒருவராவது “மூண்டு மாசமாய்” என்று சொன்னதில்லை. எல்லா மெசினும் அன்று காலைதான் பழுதாகியிருக்கும்.

“மெசினுக்குப் பொய் சொல்லத் தெரியாது அக்கா. அதாலைதான் நான் மெசினைக் கேக்கிறேல்லை. மனுசரைக் கேக்கிறன்” என்பார்.

அவருடைய சட்டைப் பையில் இரண்டு சாமான் எப்போதும் இருக்கும். ஒன்று பள்ளிக்கூடத்துச் சோக்குக்கட்டி. மற்றது தையல்காரரின் பெரிய கத்தரிக்கோல். கத்தரிக்கோல் எதற்கு என்றால், புத்தளத்தில் ஒரு நாள் இந்த வால் அவருடைய சாரத்தின் நுனியைப் பிடித்து, ஒரு நொடியில் முழுச் சாரத்தையும் உருவிக்கொண்டு போனது. மனிதர் வரம்பில் இருந்த மூங்கிலைக் கட்டிப்பிடித்ததால் உயிர் தப்பினார். யூரியாப் பை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாராம். கொண்டக்டர் ரிக்கட் கேட்கவில்லையாம். அன்றோடு சாரத்தை விட்டு நீளக் காற்சட்டைக்கு மாறியவர், சுத்துகிற தண்டுக்குப் பத்தடிக்குள் தொங்கலான துணி எதையும் விடமாட்டார். கோயில் தலைவரின் பட்டுச் சால்வை என்றாலும் சரி, ‘சரக்’ என்று நுனியை வெட்டிவிட்டுத்தான் கதை. எங்கள் பக்கத்தில் அரைச் சால்வையோடு திரிகிற பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள்.

உடையார்கட்டு ஊரில் ஒருவருடைய மெசின் பழுது. வால் சும்மா விட்டால் பம்பரம் மாதிரிச் சுத்தும். ரொட்டவேற்றரைச் சேற்றில் இறக்கியவுடன் மயங்கி நிற்கும். நான் அந்த வீட்டுக்கு வேறு அலுவலாகப் போயிருந்தேன். விசாரணை நடக்கிறது என்றவுடன் வந்த அலுவலை மறந்து, முருங்கை மர நிழலில் நல்ல இடமாகப் பார்த்து இருந்துவிட்டேன்.

“எப்ப தொடக்கம்?”

“இண்டைக்குக் காலமைதான் நானா. நேற்று வரைக்கும் குதிரை மாதிரி ஓடினது.”

நானா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

“செருப்பைக் கழட்டுங்கோ.”

“செருப்பையோ?”

“ரெண்டையும். கவிட்டு வையுங்கோ.”

வலது செருப்பு கடையில் வாங்கினபடி இருந்தது. இடது செருப்பின் அடி வெற்றிலை மாதிரி. வெயிலுக்குப் பிடித்தால் நரம்பு தெரியும். நானா அந்த ஆளை விட்டுவிட்டுப் பெண்சாதியைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இவர் வீட்டிலை கதிரையிலை இருக்கேக்கை இடது கால் எங்கை இருக்கும்?”

“அதை ஏன் நானா கேக்கிறியள்! வாளியிலை வைப்பார், உரலிலை வைப்பார், படுத்திருக்கிற நாயிலை வைப்பார். நிலத்திலை மட்டும் வைக்கமாட்டார். எங்கடை கலியாணப் படத்தைப் பாருங்கோ, ஐயர் வைச்ச பித்தளைக் குடத்திலை கால்!”

“விளங்கிச்சுது. கிளச்சிலையும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறார்.”

கிளச்சில் கால் ஓய்வெடுத்தால் உள்ளே தட்டு முழுசாகப் பிடிக்காமல் உரசி உரசித் தேய்ந்துபோகும். சும்மா சுத்த அந்தப் பிடி போதும். பாரம் வந்தால் வழுக்கும். கழற்றிப் பார்த்தால் தட்டு பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்தது. புதுசு போட்ட பிறகு அந்தப் பழைய தட்டை அவருடைய பெண்சாதி குசினி வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். மனிதர் எங்கேயாவது காலைத் தூக்கினால் உள்ளேயிருந்து கரண்டியால் அதில் ஒரு ‘டங்’. அந்த வீட்டு நாய் இப்போது நிம்மதியாகப் படுக்கிறது.

இன்னொன்று எங்கள் முரசுமோட்டையிலேயே. வால் சுத்தியது, கொளுவியிருந்த ரொட்டவேற்றர் சுத்தவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தண்டில் மெல்லிசாக ஒரு போல்ட் இருக்கும். கல்லோ வேரோ தடுத்தால் முதலில் அது முறிந்து, மற்றதையெல்லாம் காப்பாற்றும். முறிவதுதான் அதற்கு உத்தியோகம். நானா மெசினுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. வீட்டைச் சுற்றி வந்து, புதுசாகக் கட்டின குசினிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“நல்ல பலம். என்ன கம்பி போட்டனீங்கள்?”

வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். “பன்னிரண்டு எம்.எம். நானா. யானை முட்டினாலும் அசையாது.”

“அசையாதுதான். மிச்சத் துண்டு எங்கை?”

மனிதரின் நெஞ்சு பழைய இடத்துக்குப் போய்விட்டது. போல்ட் அடிக்கடி முறிகிறதே என்று அவர் அந்தக் கம்பித் துண்டைத்தான் அதற்குப் பதிலாக அடித்து வைத்திருந்தார். கம்பி முறியவில்லை. உள்ளே கியரின் பல்லுச்சில்லு முறிந்திருந்தது. “குசினிக்கு இனிப் பயமில்லை. அதுக்குள்ளை சமைக்க நெல்லுத்தான் வராது” என்று சொல்லிவிட்டு நானா முக்காலியை மடக்கினார்.

இதையெல்லாம் நான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தேன். உப்பும் புளியும் நான்தான் சேர்த்தேன். கம்பிக்காரரை ஒரு கலியாண வீட்டில் கண்டபோது, “தம்பி, பல்லுக் குத்த ஒரு துண்டுக் கம்பி இருக்கோ?” என்றும் கேட்டேன். அவர் அன்றைக்குப் பாயசம் குடிக்காமலே போய்விட்டார். என்னுடைய முறை வரும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

போன காலபோக அறுவடை வந்தது.

எங்கள் வயலின் கீழ்ப்பாதி சேறு காயவே இல்லை. வெட்டி அடிக்கிற பெரிய இயந்திரம் இறங்கினால் கழுத்துவரை புதையும். ஆகவே பழையபடி ஆள் பிடித்துக் கையால் வெட்டி, கதிரைக் களத்து மேட்டில் சூடாக, பெரிய கதிர்ப் போராக, அடுக்கி வைத்தோம். வருசச் சோறும் அதற்குள்தான், அடுத்த விதைநெல்லும் அதற்குள்தான். மழை ஒன்று இறங்கினால் போதும், நாலாம் நாள் சூட்டுக்குப் பச்சைத் தலைமுடி முளைத்துவிடும். கிழக்கே மேகம் இரண்டு நாளாகக் கறுப்பதும் வெளிப்பதுமாக இருந்தது. மருமகன் குகனிடம் பழைய சிவப்பு மெசின் ஒன்று உண்டு. சூடடிக்கிற மெசினை இரண்டு நாளைக்கு இரவல் எடுத்தான்.

சூடடிக்கிற நாள் காலையில் மெசினுக்குப் பூசை செய்வது என்னுடைய வேலை. மாமியார் எனக்குக் கைமாற்றிவிட்ட உத்தியோகம். தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டி, மூக்குக்கு ஒரு பொட்டு, நாலு சில்லுக்கும் நாலு பொட்டு, ஸ்ரேறிங்குக்கு ஒன்று, பிறகு நீட்டிக்கொண்டிருக்கிற தடி ஒவ்வொன்றின் தலைக்கும் ஒவ்வொன்று. ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விட்டால் விட்டது கோபிக்கும். இருக்கைக்குக் கீழே இடப்பக்கத்தில் ஒரு குட்டித் தடி புதுப்பெண் மாதிரி இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. விரல் போகவில்லை. “வெக்கப்படாதை பிள்ளை, வா” என்று கொஞ்சம் இழுத்து, அதற்கும் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டேன்.

குகன் ஏறி எஞ்சினை முடுக்கினான். வால் சுத்தவில்லை. கைகள் தூக்கவும் இல்லை.

வெட்டுக்காரர் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் விரலிலிருந்த சந்தனத்தைச் சேலையில் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று நான் ஆராயப் போகவில்லை. அதைவிட மருமகனை ஏசுவது சுகமாக இருந்தது.

“உன்ரை கை பட்டால் அம்மிக்கல்லும் பழுதாப் போகும். நேற்று மேட்டுக்காணி உழுதபோது என்ன செய்தனி?”

“சும்மா உழுதுபோட்டு வந்தனான் மாமி.”

“சும்மா உழுததுக்குத்தான் இந்த மெசின் படுத்துக் கிடக்குதாக்கும்!”

பின்னேரம் ரவுண் கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். புது மெசின்கள் பழகிய பிள்ளை. குகன் சொன்னதைக் கேட்டார், கையைத் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டும் வேலை செய்யாட்டில் உள்ளுக்கை முறிஞ்சிருக்கு. மெசினை நடுவாலை பிரிக்கவேணும். ரெண்டு கிழமை எடுக்கும். நாளண்டைக்கு வந்து ஏத்திக்கொண்டு போறன்” என்றார். குகன் அன்று பின்னேரம் முழுக்கச் சூட்டையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தேன். என் மகள் வசந்திதான் பொறுக்காமல் நானாவுக்குப் போன் எடுத்தாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் முக்காலி வந்து இறங்கியது. நானா அதைச் சூட்டுக்கும் மெசினுக்கும் நடுவில் போட்டு இருந்தார். வசந்தி கொடுத்த பிளேன்ரீயை ஊதினார்.

“தம்பி, சுத்துதா?”

குகன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை உருட்டினேன்.

“பொலியுது நானா.”

“என்ன பொலியுது? வால் சுத்துதா எண்டெல்லோ கேட்டனான்.”

“நல்லாய்ப் பொலியுது நானா.”

நானா பிளேன்ரீயைக் கீழே வைத்தார். இத்தனை வருச விசாரணையில் இப்படி ஒரு மறுமொழி அவருக்குக் கிடைத்ததில்லை. வசந்திதான் கிட்டப் போய் விளக்கினாள். எங்கள் குடும்பத்தில் சூடு இருக்கிற களத்துக்குள் நின்று ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. ‘போதாது’ என்பதற்கான ‘காணாது’, ‘முடிஞ்சுது’, ‘நிண்டுபோச்சு’ ஒன்றும் ஆகாது. சொன்னால் நெல் குறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் ‘பொலி’தான். அந்தச் சட்டத்தை நடத்துகிற ஆள் நான். கடுமையான ஆள்.

நானா என்னை ஒருதரம் பார்த்தார். சூட்டை ஒருதரம் பார்த்தார்.

“சரி. உங்கடை களம், உங்கடை சட்டம். இல்லை எண்டு சொல்லவேண்டிய ஆக்கள் அந்த வரம்பைத் தாண்டி நிண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நான் இதிலை இருந்து கேக்கிறன்.”

குகன் ஓடினான். வரம்புக்கு அங்கால் நின்று, “சுத்தேல்லை!” என்று கத்திவிட்டு ஓடி வந்தான்.

“தூக்குதா?”

மறுபடி ஓட்டம். “தூக்கேல்லை!”

“ஆராவது தட்டினதோ, இடிச்சதோ?”

“இடிக்கேல்லை!”

“எப்ப தொடக்கம்?”

இதற்கு ‘இல்லை’ தேவையில்லை. என்றாலும் பெடியன் பழக்கத்தில் வரம்புவரை ஓடிப்போய், “நேற்றுக் காலமை தொடக்கம்!” என்று கத்தினான். மூச்சு வாங்க வந்து, “முந்தநாள் பின்னேரம் கலப்பையைத் தூக்கினது நானா. சத்தியமா. காலமை பாத்தால் இப்பிடி” என்றான்.

நானாவின் புருவம் ஏறியது. ‘எப்ப தொடக்கம்’ என்ற கேள்விக்கு ஒருவர் உண்மை சொல்வதை அவர் அன்றுதான் கண்டாரோ தெரியாது. தலையை மெல்ல ஆட்டினார்.

“பி.ரி.ஓ. தடி எங்கை நிக்குது?”

“பின்னுக்கு இழுபட்டு ஓனிலைதான் நிக்குது. நடுவிலை நிண்டால்தானே ஓஃப்? நான் அந்தத் தடியைத் தொடுறதே குறைவு நானா. எப்பவும் ஓனிலைதான் விட்டிருக்கிறனான்.”

“ம்” என்றார் நானா. அந்த ‘ம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

சூடடிக்கிற மெசினைக் கழற்றச் சொன்னார். எல்லாரையும் பத்தடி தள்ளி நிறுத்தினார். என் சேலைத் தலைப்பைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது. நான் தலைப்பை இடுப்பில் செருகி, அதற்கு மேல் ஒரு முடிச்சும் போட்டேன். பிறகு சோக்கை எடுத்து வாலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு போட்டார்.

“தம்பி, ஏறு. எஞ்சினை முடுக்கிப்போட்டு நிண்ட இடத்திலையே நில்.”

எஞ்சின் உறுமியது. வெள்ளைக் கோடு அசையவில்லை.

“இப்ப கியரைப் போட்டு மெதுவா முன்னுக்கு விடு.”

மெசின் நகர்ந்தது. வெள்ளைக் கோடும் நகர்ந்தது! கீழே போய், மறுபக்கத்தால் மேலே வந்தது. வெட்டுக்காரர் “சுத்துது! சுத்துது!” என்று கத்தினார்கள்.

“நிப்பாட்டு.” நின்றது. கோடும் நின்றது.

“பின்னுக்கு விடு.” மெசின் பின்னால் வந்தது. கோடு எதிர்ப்பக்கமாகச் சுத்தியது.

நானா சிரித்தார். அவர் சிரித்தால் வழக்கு முடிந்துவிட்டது, குற்றவாளிதான் பாக்கி என்று அர்த்தம். மெசினின் இடப்பக்கம் குந்தி, இருக்கைக்குக் கீழே நெடுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

“எல்லாரும் வரம்புக்கு அங்காலை போங்கோ. அக்கா மட்டும் நில்லுங்கோ.”

நான் விரலை மறுபடி சேலையில் துடைத்தேன். இந்த முறை பத்து விரலையும்.

“அக்கா, நீங்கள் சாமி கும்பிட்டது நல்ல விசயம். இந்தக் குட்டித் தடிக்குப் பொட்டு ஆர் வைச்சது?”

“ஆர் வைச்சால் என்ன நானா, வடிவாத்தானே இருக்கு.”

“நல்ல வடிவு. வட்டம் அச்சொட்டு. ஆனா பாருங்கோ, இந்தத் தடி முன்னுக்கு நிண்டால் இந்தப் பக்கத்துக்கு ஒரு குருவியின்ரை மூக்கும் போகாது. பின்னுக்கு இழுத்தால்தான் விரல் போகும்.”

“குருவி வைச்சிருக்காது நானா.”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்.”

பிறகு குரலைத் தாழ்த்தி விளங்கப்படுத்தினார். அந்தத் தடிக்கு மூன்று இடமாம். முன்னுக்குத் தள்ளினால் வால் எஞ்சினோடு சுத்தும். நடுவில் விட்டால் சும்மா நிற்கும். பின்னுக்கு இழுத்தால் சில்லோடு சுத்தும். மெசின் நடந்தால் வாலும் நடக்கும், மெசின் நின்றால் வாலும் நிற்கும், கைகளும் தூக்காது. இந்தப் பழைய மெசின்களில் மட்டும் அப்படி ஒரு இடம் இருக்கிறதாம். முறிவும் இல்லை, தேய்வும் இல்லை. நான் வெட்கம் தெளியவைத்த புதுப்பெண்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கிழக்கே ஒருதரம் முழங்கியது.

“நானா, மழை வருகுது. முதலிலை ஓட விடுங்கோ. விசாரணையைப் பிறகு பாப்பம்.”

“ஓட விடுறன் அக்கா. நான் ஒருதருக்கும் வாய் திறக்கவும் மாட்டன். ஆனா நேற்றுத் தொடக்கம் அந்தப் பெடியன்ரை தலையிலை ஒரு மூட்டை ஏத்தி வைச்சிருக்கிறியள். அதை நீங்கள்தான் இறக்கவேணும். எல்லாருக்கும் முன்னாலை.”

“பாதியை இறக்கினால் காணாதோ?”

நானாவின் கண் விரிந்தது. “அக்கா! களம்!”

நான் வாயைப் பொத்தினேன். முப்பது வருசமாக நான் காத்த சட்டம், என் வாயாலேயே உடைந்து விழுந்தது.

“வரம்பைத் தாண்டிப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ” என்றார் நானா, சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு.

“முழுசா இறக்கிறன்” என்றேன். “பொலி. பொலி. பொலி.”

நானா குந்தித் தடியை முன்னுக்குத் தள்ளினார். ‘டக்.’ அவ்வளவுதான். இரண்டு கிழமை வேலை.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் பேச நேரம் இருக்கவில்லை. சூடடிக்கிற மெசினைக் கொளுவி, குகன் எஞ்சினை ஏற்ற, வெட்டுக்காரர் கதிரைத் தள்ள, ஒரு பக்கத்தால் வைக்கல் பறந்தது, மறுபக்கத்தால் நெல் கொட்டியது. நானா வீட்டுக்குப் போகவில்லை. தண்டுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு காவல் நின்றார். மத்தியானச் சாப்பாடும் நின்றபடிதான். மேகம் இரணைமடுக் குளத்துப் பக்கம் ஒருதரம் போய், என்ன யோசித்ததோ, திரும்பி வந்தது. கடைசிக் கதிர்க்கட்டு உள்ளே போகும்போது என் மூக்கில் முதல் துளி விழுந்தது. நானா காவலை விட்டுவிட்டுச் சாக்குத் தூக்கினார். கடைசிச் சாக்கைக் கொட்டிலுக்குள் எறிந்து, படங்குச் சீலையை இழுத்து மூடினதும், வானம் அப்படியே கவிழ்ந்துகொட்டியது.

கொட்டிலுக்குள் எல்லாரும் நனைந்த கோழிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றோம். நெல்லின் சூடு முதுகில் பட்டது. வெட்டுக்காரர்களில் ஒருவர், “அப்ப மெசினுக்கு என்ன பிழை நானா?” என்று கேட்டார். நானா முகட்டுத் தகரத்தைப் பார்த்தார். மழையை முதல்தரம் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

ஊரையெல்லாம் பகிடி பண்ணின வாய் இது. தன் கதையைச் சொல்ல வேண்டி வந்ததும் சேற்றில் இறங்கின சில்லு மாதிரி நின்ற இடத்திலேயே சுத்தியது. சொன்னேன். பொட்டைச் சொன்னேன், தடியைச் சொன்னேன், இழுத்ததைச் சொன்னேன், இழுத்தது நினைவிருந்தும் மருமகனை ஏசினதையும் சொன்னேன். தகரத்தில் மழை அடித்த சத்தத்துக்கு, கடைசியைக் கொஞ்சம் கத்தித்தான் சொல்லவேண்டி வந்தது.

குகன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டான். என்னையே பார்த்தான். இரண்டு நாள் ஏச்சுக்கும் இப்போது வட்டியோடு வரும் என்று காத்திருந்தேன்.

“மாமி” என்றான். “அந்த ரவுண் மெக்கானிக் நாளைக்கு மெசினைப் பிரிக்க வாறார்.”

“ஓம்.”

“வந்தால், அவரின்ரை நெத்தியிலையும் ஒரு பொட்டு வைச்சு அனுப்பிவிடுங்கோ.”

கொட்டில் அதிர்ந்தது. வெட்டுக்காரர் சாக்கில் சாய்ந்து சிரித்தார்கள். என் மகள், நான் பெற்ற பிள்ளை, கண்ணீர் வரச் சிரித்தாள். நானா சிரித்த சிரிப்பில் நின்ற நிலையில் சரிந்து நெல்லுச் சாக்குக்கு மேல் விழுந்தார். கம்பிக்காரருக்குச் செய்தி போக இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. அவர் வீடு தேடி வந்து, முற்றத்தில் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அம்மா, இதுக்கும் ஒரு பொட்டு வையுங்கோ. ஆனா பிறேக்கைத் தொடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு, பாயசம் குடித்த திருப்தியோடு போனார்.

நானா போகும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அடுத்த முறையும் பூசை செய்யுங்கோ அக்கா. அந்தப் பிள்ளைக்கு மட்டும் தூர நிண்டு பூவை எறியுங்கோ” என்றார்.

அதற்குப் பிறகு அந்த மெசின் ஒரு முனகல்கூட முனகவில்லை. சிறுபோகம் உழுதது, விதைத்தது, வால் எண்ணெயில் போட்ட மாதிரிச் சுத்தியது. நாலு மாதமாக எங்கள் வீட்டு ஒழுங்கையில் முக்காலி கட்டின மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. பழுதில்லாத வீட்டுக்கு மெக்கானிக் எதற்கு வருவார்? போன கிழமை ஒரு நாள் காலை, மருமகனும் மெசினும் வயலுக்குப் போனபிறகு, மகளின் போனை எடுத்து அவருக்கு அடித்தேன்.

“நானா, மெசினிலை ஒரு சத்தம் கேக்குது.”

“என்ன சத்தம் அக்கா?”

என்ன சத்தம் என்று நான் முதலே யோசித்து வைக்கவில்லை. அதுதான் பிழை.

“பெரிசா ஒண்டுமில்லை. சும்மா ஒரு சத்தம்.”

அரை வன்னியின் பொய்யையும் பிடிக்கிற மனிதருக்கு, இந்தப் பொய்யைப் பிடிக்க முக்காலிகூடத் தேவைப்பட்டிருக்காது. என்றாலும் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“அப்ப கட்டாயம் பாக்கத்தான் வேணும் அக்கா” என்றார். “நாளைக்குக் காலமை வாறன்.”